அவள் போட்ட சுவிட்ச்

என் மனைவிக்கு மறதி நோய் வந்துவிட்டதென்று அவளையே நம்பவைத்தவன் நான். அவளுக்கு எந்த நோயும் இல்லை. மதியம் தன் மின்சார ஸ்கூட்டருக்குச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கப் போவாள். நான் எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்துவிட்டு வருவேன். மாலையில் வண்டி கிளம்பாது. "நான் போடலையா?" என்று அவள் நெற்றியைத் தேய்த்துக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று செய்தித்தாள் படிப்பேன். கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன், பேத்தி எடுத்தவன் செய்த காரியம் இது.

அவள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அவளுடைய ஞாபகம் எங்கள் குடும்பத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சு. தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பாள், எதிரே வருகிற யாரோ ஒருவரைப் பார்த்து, "பித்தப்பை ஆபரேஷன் பண்ண எடம் நல்லா ஆறிடுச்சாங்க? பென்சிலின் ஒத்துக்காதே உங்களுக்கு, ஜாக்கிரதையா இருக்கீங்களா?" என்பாள். அந்த மனிதர் பையும் கையுமாகத் திகைத்து நிற்பார். நான் தக்காளிப் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

வேலையில் இருந்த காலமெல்லாம் அவள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஓடினாள். நான் வந்தால் அவள் இருக்கமாட்டாள், அவள் வந்தால் நான் இருக்கமாட்டேன். ஓய்வுக்குப் பிறகாவது அவள் எனக்கு மிச்சமிருப்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் என்ன செய்தாளென்றால், சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். எங்கள் வீடு கிழக்குத் தாம்பரத்தில், சர்ச் மேற்கில். ரயில் பாதையையும் ஜிஎஸ்டி ரோட்டையும் தாண்ட வேண்டும். ஆட்டோக்காரர்களோடு பேரம் பேசி அலுத்துப்போய் ஒருநாள் கருநீல நிறத்தில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டாள்.

"சத்தமே இல்லையே, வருதா போகுதான்னே தெரியல" என்றேன்.

"சத்தம் போடத்தான் நீங்க இருக்கீங்களே" என்றாள்.

வண்டியோடு செங்கல் அளவில் ஒரு சார்ஜர் வந்தது. அதைச் செருக போர்டிகோவில் பெரிய மூன்று முள் பாயிண்ட் ஒன்று வேண்டும். எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

"சார், மீட்டர் போர்டுலேர்ந்து தனி லைனு இஸ்த்துடலாம். செவுத்த கொஞ்சம் ஒடைக்கணும்."

"இப்பதான்பா பெயிண்ட் அடிச்சிருக்கு. வேற வழி இல்லையா?"

"மோட்டார் லைனு இங்கதான கீது. அதுலேர்ந்து குடுக்கலாம். ஆனா மோட்டார் மெயின அணைச்சா இதுவும் அணைஞ்சுடும், பாத்துக்கங்க."

பெயிண்ட் பிழைத்தால் போதும் என்று தலையாட்டினேன். நான் எடுத்த முதல் தவறான முடிவு அது. இரண்டாவதற்கு அது கதவைத் திறந்து வைத்தது.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் மோட்டார் போடுவதும் அணைப்பதும் ஓய்வு பெற்ற ஆண்களின் உத்தியோகம். போட்டுவிட்டு மறப்பதும் அவர்கள்தான். ஒரு மதியம் அவள் வண்டிக்குச் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். நான் மோட்டார் போட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மாள் மாடியிலிருந்து கத்தினார்.

"சார்! டேங்க் ரொம்பி ஊத்துது சார்! எங்க துணியெல்லாம் ரெண்டாந்தடவ அலசியாச்சு!"

பதறி ஓடி, மோட்டார் சுவிட்சை அணைப்பதற்குப் பதிலாக மெயினையே இறக்கிவிட்டேன். அதை மேலே தள்ள மறந்தும் போனேன். இந்த வீட்டில் முதலில் மறந்தது நான்தான்.

மாலையில் அவள் காட்டன் சேலை கட்டி, ஹெல்மெட்டோடு போய்ச் சாவியைத் திருப்பினாள். "ஐயோ, சார்ஜே ஏறலையே!" குழுவுக்கு போன் செய்து வரவில்லை என்றாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வெங்காய பஜ்ஜி போட்டாள். போர்டிகோவில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கள் கல்யாணத்துக்கு வந்து சாப்பாட்டில் குறை சொன்ன ஒவ்வொருவரையும் நினைத்துச் சிரித்தோம். அவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்பது வரை அவளுக்கு நினைவிருந்தது. அவ்வளவு நல்ல மாலை எனக்கு வாய்த்து வெகு நாளாகியிருந்தது.

மறுநாள் காலை மோட்டார் மெயினை மேலே தள்ளியபோது போர்டிகோவில் சார்ஜர் விளக்கு பளிச்சென்று எரிந்தது. காரணம் புரிந்தது. உள்ளே போய், "ஏம்மா, நேத்து தப்பு என்னுதுதான்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. அடுத்த பாட்டுப் பயிற்சி நாளில் மெயின் இறங்கியது தவறுதலாக அல்ல.

அவள் கம்பெனி ஆளை வரவழைத்தாள். அவர் எல்லாம் சோதித்துவிட்டு, "சார்ஜர் நல்லாருக்கு மேடம். பாயிண்டுக்குக் கரண்ட் ஒழுங்கா வருதான்னு எலக்ட்ரீஷியன விட்டுப் பாருங்க" என்றார். எலக்ட்ரீஷியன் வந்தால் மோட்டார் மெயின் பேச்சு வரும். அதனால் அதன் பிறகு நான் மெயினைத் தொடவில்லை. பாயிண்டின் சுவிட்சையே அணைத்தேன்.

அவள் வந்து பார்த்தாள். ப்ளக் மாட்டியிருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது.

"மாட்டிட்டுச் சுவிட்ச் போடாம போயிருக்கேங்க."

"வயசாகுதில்ல, விடு" என்றேன்.

சுவிட்சை அணைத்ததைவிட அந்த வார்த்தைதான் பெரிய குற்றம். ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். வண்டலூரில் இருந்த அவளுடைய அக்காவுக்கு இப்படித்தான் தொடங்கியது. முதலில் கேஸ் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு அணைத்ததை மறந்து திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார். கடைசியில் தன் தங்கையை யாரோ வேலைக்கு வந்த பெண் என்று நினைத்து, "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, முடிவுவரை பார்த்துக்கொண்டது என் மனைவிதான். அந்தப் பாதையின் ஒவ்வொரு படியும் அவளுக்குத் தெரியும். முதல் படியில் அவளை நான் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அதன் பிறகு சார்ஜ் போடும்போது என்னைக் கூப்பிடுவாள். "ஏங்க, கொஞ்சம் வாங்க. ப்ளக் மாட்டியிருக்கேனா? சுவிட்ச் போட்டிருக்கேனா? நல்லா பாத்துக்கங்க, நீங்கதான் சாட்சி."

பார்த்து, ஆமாம் என்பேன். ஒரு மதியம், அப்படிச் சாட்சி சொன்ன பிறகும், அவள் தூங்கியதும் போய் அணைத்தேன். இதற்குமேல் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. அன்று அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அணைந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "நானே திரும்ப வந்து அணைச்சிருக்கேன் போல. அக்காவும் அப்படித்தான் பண்ணுவா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே போய் பாடகர் குழுத் தலைவிக்கு போன் செய்து, இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் பாட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னாள்.

அன்றோடு நான் சுவிட்சைத் தொடுவதை விட்டேன். ஆனால் அதனால் ஒன்றும் மாறவில்லை. வண்டி முழுச் சார்ஜோடு நின்றது, அவள்தான் ஏறவில்லை. "ஜிஎஸ்டி ரோடு நடுவுல போய், எங்க திரும்பணும்னு மறந்துட்டா என்னங்க பண்றது?" என்றாள். எல்லா மாலைகளிலும் வீட்டில் இருந்தாள். நான் கேட்டது கிடைத்துவிட்டது. பஜ்ஜி போடவில்லை, கதை பேசவில்லை. பாட்டுப் புத்தகத்தை மடியில் மூடி வைத்துக்கொண்டு, பாட்டுகளின் முதல் வரிகளை வரிசையாக முணுமுணுத்துப் பார்ப்பாள். எதுவும் விட்டுப்போகிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள், "வண்டிய வித்துடலாம்" என்றாள்.

எங்கள் மகள் மேடவாக்கத்தில் குடியிருக்கிறாள், ஐடி வேலை. அந்தச் சமயம்தான் அவளும் மின்சாரக் கார் வாங்கியிருந்தாள். சனிக்கிழமை மாலை பேத்தியோடு வந்து ஞாயிறு மாலை போவாள். "விக்க வேணாம்பா. முதல்ல நல்லதா ஒரு சார்ஜர் போடுவோம். அம்மா வண்டிக்கும் ஆச்சு, என் காருக்கும் ஆச்சு" என்று என்னை மேடவாக்கத்தில் ஒரு கடைக்கு அழைத்துப் போனாள்.

சுவரில் வரிசையாகப் பெட்டிகள் மாட்டியிருந்தன. கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர்.

"சார், சார்ஜர அப்புறம் பாக்கலாம். வண்டி வீட்ல எவ்ளோ நேரம் நிக்கும், அத சொல்லுங்க முதல்ல."

எனக்குச் சுருக்கென்றது. வண்டி வீட்டிலேயே நிற்க வேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டவன் நான்!

அவர் விளக்கினார். ஏழு கிலோவாட் பெட்டி காரைச் சில மணி நேரத்தில் நிரப்பிவிடும். ஆனால் எங்களைப் போன்ற பழைய வீட்டுக்கு அதைப் போட, கரண்ட் ஆபீசில் எழுதிக் கொடுத்து லோடைக் கூட்ட வேண்டும், தடிமனான கேபிள் வேண்டும். காரோடு வருகிற சார்ஜரைச் சாதாரண மூன்று முள் பாயிண்டில் செருகினால் மெதுவாக ஏறும். இரவெல்லாம் நிற்கிற வண்டிக்கு அதுவே போதும். எதைப் போட்டாலும் தனி லைன் வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும், மின்கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கர் வேண்டும். மகளுக்குப் பெரிய பெட்டி மேல்தான் கண். பிறகு அவர் சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இதுல மூணு முள் சாக்கெட் உள்ள இருக்கு. கார்டு காட்டினாதான் கரண்ட் வரும். எப்ப போட்டீங்க, எப்ப நின்னுச்சு, எல்லாம் போன்ல வந்துடும்."

"அப்பா, இது நல்லாருக்கே! அம்மா போட மறந்தா நம்ம ரெண்டு பேருக்கும் மெசேஜ் வந்துடும். ஃபோன் பண்ணி ஞாபகப்படுத்திடலாம்."

எதையும் மறக்காத பெண்ணுக்கு, அவள் மறதியைக் காவல் காக்க ஒரு பெட்டி. அதை நான் வாங்கிக் கொண்டுபோய் மாட்ட வேண்டும்.

"இன்னிக்கு வேணாம்" என்று வெளியே வந்துவிட்டேன்.

காரில், ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நகராமல் நின்றிருந்தபோது மகளிடம் சொன்னேன். உங்கம்மா ஒண்ணும் மறக்கல, நான்தான் அணைச்சேன் என்றேன். லாரி நகர்ந்தது. அவள் காரை நகர்த்தவில்லை. பின்னால் ஹார்ன் அடித்துத் தள்ளினார்கள்.

"நீங்களா? நீங்களாப்பா?" என்றாள். "நான் டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட்டே வாங்கி வச்சிருக்கேன். ராத்திரி அழுதுருக்கேன்."

வீடு வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என்கிட்ட சொன்னது கணக்குல வராது. உள்ள போய் அம்மாகிட்ட சொல்லுங்க. நான் வரமாட்டேன்."

என் மனைவி சாப்பாட்டு மேசையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். சாயங்காலம் தனியா இருக்கப் பிடிக்கல, அதுக்காகப் பண்ணினேன், நீ பயந்தது தெரிஞ்சும் பண்ணினேன்.

அவள் கை நிற்கவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மழை பெஞ்சுதே, பஜ்ஜி போட்டேனே, அன்னிக்கு?"

"அது தெரியாம. மோட்டார் மெயின அணைச்சுட்டு மறந்துட்டேன்."

"மறந்தது நீங்க."

"ஆமா."

"பிள்ளைங்க பரீட்சை முடிஞ்சு வந்த சனிக்கிழமை?"

"நான்தான்."

"உங்கள சாட்சிக்குக் கூப்பிட்டேனே, அன்னிக்கு?"

"நான்தான்."

கீரைக் காம்பைக் கீழே வைத்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு மறுபடி கேட்கத் தொடங்கினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளுக்கு வேண்டியிருந்தது வேறு. அவளுடைய மறதிகளில் எது எது தன்னுடையது, எது எது என்னுடையது என்று பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

"பால் பொங்கினது?"

"அது நான் இல்ல."

"கண்ணாடிய ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சது?"

"அதுவும் நான் இல்லம்மா."

"நீங்க கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்களே, அன்னிக்கும் சுவிட்ச் போடாமதான் இருந்துச்சு. அது?"

அன்று காலையில் போனவன் பொழுது சாய்ந்துதான் திரும்பினேன். அதையும் நான்தான் என்று ஏற்றுக்கொள்ள நாக்கு நுனிவரை வந்தது. ஒரு பொய், அவளுக்கு முழு நிம்மதி. ஆனால் அவள் நினைவுக்குள் நான் இன்னொரு முறை கைவிட்டுக் கலைப்பதாகும் அது.

"அன்னிக்கு நான் வீட்லயே இல்ல."

"அப்ப அது நான்."

"ஆமா."

"சுவிட்ச மறந்தது ஒரே ஒரு தடவ." அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரு தடவ யாருக்கும் மறக்கும்ல?" சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழுதாள். "அக்காவ நான் எப்படிப் பாத்துக்கிட்டேன்னு பக்கத்துல இருந்து பாத்தவர் நீங்க. தெரிஞ்சும் பண்ணீங்களே" என்றாள்.

டாக்டரிடம் போவதை அவள் ரத்து செய்யவில்லை. "உங்க பேச்ச நம்பி உக்கார முடியாது. அவர் சொல்லட்டும்" என்றாள். டாக்டர் என்னென்னவோ கேட்டார், படம் வரையச் சொன்னார், ஞாபகம் நன்றாகவே இருக்கிறது என்றார். "இவரையும் ஒரு தடவ பாத்துடுங்க டாக்டர். டேங்க் ரொம்பறதே தெரிய மாட்டேங்குது இவருக்கு" என்றாள் அவள்.

நான் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சுவரை உடைக்கச் சொன்னேன்.

"இன்னா சார், அன்னிக்கி பெயிண்ட்டு போய்டும்னு அவ்ளோ பேஜார் பண்ணீங்க. இன்னிக்கி நீங்களே ஒடைங்கறீங்க?"

"நீ உடைப்பா."

மீட்டர் போர்டிலிருந்து தனி லைன் வந்தது. வேப்பமரத்தடியில் எர்த்துக்குப் புதிதாகக் குழி தோண்டி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். எந்தச் சார்ஜர் என்பதை மட்டும் நான் முடிவு செய்யவில்லை. அவளையே கடைக்கு அழைத்துப் போனோம். மகள் ஏழு கிலோவாட்டைக் காட்டினாள்.

"வேகமா ஏத்தி? வேகமா கிளம்பிடவா? நீ வரதே வாரத்துக்கு ஒரு நாள். மெதுவாவே ஏறட்டும்" என்றாள் இவள். கார்டு காட்டினால் திறக்கும் அந்தச் சின்னப் பெட்டியைத்தான் எடுத்தாள். போனுக்கு மெசேஜ் வருகிற வசதி யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெட்டியோடு இரண்டு கார்டுகள் வந்தன. ஒன்றைத் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள். மற்றது மகளிடம் போனது.

"எனக்கு?" என்றேன்.

"நீங்க மோட்டார பாத்துக்கங்க."

வெயில் காலத்தில் எர்த் குழி காயக் கூடாதாம். அதில் தண்ணீர் ஊற்றுகிற வேலையும் எனக்குத்தான். தினமும் ஊற்றுகிறேன். இதையாவது மறக்கக் கூடாதென்று பிடிவாதமாக ஊற்றுகிறேன்.

அவள் மறுபடி பாடப் போகிறாள். முதல் நாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இன்னொரு ஹெல்மெட்டை என்னிடம் நீட்டினாள். "தனியா விட்டுட்டுப் போனா வீட்ல எதையாவது அணைச்சு வப்பீங்க. ஏறுங்க." ஜிஎஸ்டி ரோட்டைத் தாண்டும்போது நான் பின்னால் பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தேன். "பிடிச்சு அழுத்தாதீங்க, வண்டி ஆடுது" என்றாள். எங்கே திரும்ப வேண்டும் என்று அவள் ஒரு கணமும் தயங்கவில்லை. இப்போது நாற்காலிகளை வட்டமாகப் போடுவதும் கடைசியில் அடுக்கி வைப்பதும் என் பொறுப்பு. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. முன்பே ஒரு நாள் அவளோடு போயிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும்.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. கார்டைக் காட்டி, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்த பிறகும் அவள் நகர்வதில்லை. நின்று பார்த்து, "போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அந்தப் பழக்கம் நான் கொடுத்தது. உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சாட்சிக்கு அவள் என்னைக் கூப்பிடுவதில்லை.

போன வாரம் ஒருநாள் மதியம் கூப்பிட்டாள். "ஏங்க, கண்ணாடி உள்ள இருக்கு. பச்ச விளக்கு எரியுதா, பாருங்க."

கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

"எரியுது."

"நிஜமா?"

"நிஜமாம்மா."

என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து, தானும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போனாள்.